அவையடக்கம் யாருக்கு?

"நம்மவர்க்குக் கூடிப் பேசத் தெரியாது" என்னும் குற்றச்சாட்டு மிகப் பழையது. இலக்கிய மன்றமாயினும், ஊர்ப் பொதுக்கூட்டமாயினும், சங்கத்தின் ஆண்டுப் பேரவையாயினும் காட்சி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. நால்வர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பர். ஒலிபெருக்கி ஒருவர் கையினின்றும் மற்றொருவர் கைக்குத் தாவும். முன்வரிசையினர் கையமர்த்துவர், பின்வரிசையினர் செருப்பைத் தேடுவர். இறுதியில் நன்றியுரைக்கு வருபவர், கூட்டம் இனிதே நிறைவுற்றதென்று சிறிதும் கூசாமல் அறிவிப்பார். மறுநாள் தேநீர்க் கடையில் இதுபற்றிப் பேச்செழும்போது பழி எங்கே சென்று விழும்? குறுக்கே எழுந்து பேசிய இளைஞர்மீது, வினாத் தொடுத்த பெண்மணிமீது, அடங்காத அவையின்மீது.

அப்பழியை அதற்குரிய இடத்தில் கொண்டு சேர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவையைக் கெடுப்பவர் கூச்சலிடுபவர் அல்லர். அவையைக் கூட்டியவரும் அதன் தலைமை இருக்கையில் அமர்ந்தவருமே அதனைக் கெடுக்கின்றனர். கூச்சல் நோயன்று, நோயின் குறி. முறையாகப் பேசுதற்கு வாயில் இல்லாதவிடத்து முறைகேடான குரல் எழுவது இயல்பு. வாசற்கதவைப் பூட்டிவைத்துவிட்டு, சாளரத்தின் வழியே வெளியேறியவனைக் கள்வன் என்பது எந்த ஊர் நீதி?

ஒரு மாலைக் கூட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரையூர் ஒன்றில் நிகழ்ந்த இலக்கியக் கலந்துரையாடலுக்குச் சென்றிருந்தேன். ஊரின் பெயரும் மன்றத்தின் பெயரும் ஈண்டு வேண்டா. நம் ஊர்களில் எதன் பெயரை எழுதினாலும் பொருந்திவிடும். அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடியுமென்று அழைப்பிதழ் கூறிற்று. கிராஅத்தும் வரவேற்புரையும் முடிந்தன. மேடையிலிருந்த அனைவர்க்கும் பொன்னாடை போர்த்தப்பட்டது. தலைமை தாங்கியவர், தாம் சுருக்கமாகவே பேசப்போவதாகக் கூறி நாற்பது நிமிடம் பேசினார். அடுத்து வந்த நால்வரும் தத்தம் நேரத்தில் பாதியைத் தலைவரைப் புகழ்வதில் செலவிட்டனர். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் தலைவர் எழுந்து, அவர் கூறியதன் பொருளை நமக்கு விளக்கினார். இவ்வாறாகக் கலந்துரையாடல் என்று பெயரிடப்பட்ட நிகழ்ச்சியில் கலந்து உரையாடுவதற்கு எஞ்சிய நேரம் பத்து நிமிடம்.

அப்பொழுது இளம் ஆசிரியை ஒருவர் எழுந்தார். மன்றம் வெளியிட்டிருந்த தொகுப்பு நூலில் அவ்வூர்ப் பெண் எழுத்தாளர் ஒருவர் படைப்புக்கூட இடம்பெறாமைக்குக் காரணம் யாது என்று கேட்டார். கேட்ட முறையில் குற்றமில்லை, குரலில் சினமில்லை, அரை நிமிடம்கூட அவர் பேசவில்லை. தலைவர் புன்னகைத்தார். "நேரமில்லையம்மா, தனியே வந்து பாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்றார். பின்வரிசையிலிருந்த இளைஞர் இருவர், "எல்லார் முன்னிலையிலும் கேட்டதற்கு எல்லார் முன்னிலையிலும் விடை சொல்லுங்கள்" என்று குரல் கொடுத்தனர். வேறு சிலர் அவர்களை அதட்டினர். அதட்டியவர்களை மற்றும் சிலர் அதட்டினர். தலைவர் மேசையைத் தட்டி, "அவையடக்கம் தெரியாதவர்கள்" என்று கூறிக் கூட்டத்தை முடித்துவிட்டார். "நல்ல கூட்டத்தை அந்த டீச்சரம்மா கெடுத்துவிட்டார்" என்பதே மறுநாள் ஊரின் தீர்ப்பு.

அவையடக்கம் என்னும் அச்சொல் அன்று முதல் என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தமிழ் இலக்கணமும் இலக்கியமும் அச்சொல்லை எப்பொருளில் வழங்கின? காப்பியத் தொடக்கத்தில் கம்பரும் உமறுப் புலவரும் அவையடக்கம் பாடினர். கற்றோர் நிறைந்த அவையின் முன்னே தாம் எளியவர் என்று பாடுபவர் பணிந்து கூறுவதே அவையடக்கம். அஃது அரங்கேறுபவர் அவைக்குக் காட்டும் பணிவு. அவை அரங்கிலிருப்பவர்க்குக் காட்டும் பணிவன்று. நாமோ அச்சொல்லைத் தலைகீழாகப் புரட்டிவிட்டோம். மேடையிலிருப்பவர் அடங்கவேண்டா, கீழேயிருப்போர் அடங்கவேண்டும் என்றாக்கிவிட்டோம். சொல் புரண்டபோது முறையும் புரண்டது.

வியாழன் இரவுகள்

தலைமையின் பிழையால் அவை கெடுவது நம் காலத்துக் கதை மட்டுமன்று. இந்திய வரலாற்றில் மிகவும் புகழப்பெற்ற விவாத அவையொன்றை எடுத்துக்கொள்வோம். 1575 ஆம் ஆண்டில் அக்பர் ஃபதேபூர் சிக்ரியில் இபாதத்கானா என்னும் மண்டபத்தை எழுப்பினார். வியாழன் இரவுகளில் அங்கே அறிஞர்கள் கூடினர். முதற் சச்சரவு சமய நுட்பம் எதனைப் பற்றியும் எழவில்லை. யார் எங்கே அமர்வது என்பதைப் பற்றியே எழுந்தது! ஆகவே அமீர்கள் கிழக்கிலும், சையிதுகள் மேற்கிலும், உலமாக்கள் தெற்கிலும், ஷைகுமார் வடக்கிலும் அமருமாறு இடம் வகுக்கப்பட்டது. இருக்கை அமைந்தது, அமைதி அமையவில்லை. மக்தூமுல் முல்க் என்று பட்டம் பெற்ற அப்துல்லாஹ் சுல்தான்புரியும், சத்ர் பதவி வகித்த ஷைகு அப்துந் நபியும் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். ஒருவர் ஆகுமென்றதை மற்றவர் ஆகாதென்றார்.

அவ்வவையிலிருந்த வரலாற்றாசிரியர் அப்துல் காதிர் பதாயூனி ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துள்ளார். ஓரிரவு கூச்சல் மிகவே, இனி முறைதவறிப் பிதற்றுபவர் யாரென்று தமக்குத் தெரிவித்தால் அவரை வெளியேற்றிவிடுவதாக அக்பர் பதாயூனியிடம் கூறினார். பதாயூனி அருகிலிருந்த ஆசஃப் கானிடம், அப்படியானால் பெரும்பாலோரை வெளியேற்ற நேருமே என்று மெல்லச் சொன்னார். அஃது என்னவென்று அரசர் வினவி அறிந்து, சுவைத்து, அருகிருந்தோரிடமும் சொல்லி மகிழ்ந்தாராம்.

இக்கதையைப் படித்து நகைப்போர் பலர். நாம் சற்றே நின்று எண்ணுவோம். அங்கே விதி எது? யார் முதலில் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது, மறுப்பவர்க்கு எப்பொழுது வாய்ப்பு, எது வரம்பு மீறல் என்பதொன்றும் வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இருந்ததெல்லாம் வெளியேற்றும் அதிகாரம் ஒன்றே. அதுவும் ஒருவர் காதில் மற்றொருவர் ஓதுவதால் செயற்படும் அதிகாரம்! அவையைக் கூட்டியவர் அரசர், கேட்பவர் அரசர், தீர்ப்பவர் அரசர், பதவியும் மானியமும் வழங்குபவரும் அரசர். அத்தகைய அவையில் பேசுவோர் எதிரேயிருப்பவரை நோக்கியா பேசுவர்? அரியணையை நோக்கியே பேசுவர். மெய் காண்பதற்கென்று கூட்டிய அவை, அருள் பெறுவதற்கான போட்டியாக மாறியதில் வியப்பென்ன?

1578 இல் பிற சமயத்தார்க்கும் அம்மண்டபத்தின் வாயில் திறந்தது. 1580 இல் அக்வாவிவா, மொன்சராத் முதலிய ஏசு சபைப் பாதிரிமாரும் ஃபதேபூர் சிக்ரி வந்து சேர்ந்தனர். ஐரோப்பாவில் மாற்றுக் கருத்துக்காக மனிதரை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஜோர்தானோ புரூனோ ரோமில் எரிக்கப்பட்டது 1600 இல் என்பதை நினைத்தால் அக்பரின் செவித்திறன் எத்துணை அரியது என்பது விளங்கும். அமர்த்யா சென் போன்ற அறிஞர்கள் அதனைப் போற்றியுள்ளனர், நாமும் போற்றுவோம். ஆனால், கேட்கும் விருப்பம் வேறு; அவை நடத்தும் முறை வேறு. முன்னது இருந்தது, பின்னது இல்லை. விளைவு யாது? 1579 இல் மஹ்ஸர் என்னும் சாசனம் எழுதப்பட்டது. அறிஞர்கள் கருத்து வேறுபடுமிடத்து எதனைக் கொள்வதென்று முடிவு செய்யும் உரிமையை அது அரசர்க்கு வழங்கிற்று. அதில் கையொப்பமிட்டவர்களுள் அவ்விரு பெரியாரும் அடங்குவர். பின்னர் இருவரும் மக்காவுக்கு அனுப்பி வைக்கப்பட்டனர். தமக்குள் ஒழுங்காக வாதிட இயலாதவர்கள், வாதிடும் உரிமையையே எழுதிக்கொடுத்துவிட்டார்கள்!

மேலும் ஒன்று. அவ்வவையில் நிகழ்ந்தவற்றைப் பற்றிய கடுமையான கண்டனத்தைப் பதாயூனி அவையில் எழுந்து கூறவில்லை; மறைவாக எழுதி வைத்தார். அவருடைய வரலாற்று நூல் ஜஹாங்கீர் காலத்திலேதான் வெளிப்பட்டது. ஓர் அவை முறையாக நடந்ததா என்பதை அறிய இதனினும் சிறந்த உரைகல் இல்லை. உண்மையான மறுப்பு அவைக்குள்ளே எழுகிறதா, வெளியே ஒளிந்து வாழ்கிறதா என்று பாருங்கள். நம் மன்றங்களிலும் மெய்யான விவாதம் தேநீர்க் கடையில் அன்றோ நடைபெறுகிறது!

முன்னோர் அறிந்த முறை

"அவை விதிகள் என்பன மேனாட்டார் வழக்கம், நம் பண்பாட்டுக்கு அந்நியம்" என்று கூறுவோர் உளர். இதனினும் பெரிய அறியாமை வேறில்லை. மணிமேகலையின் முதற் காதையைப் படித்தவர்கள், புகார் நகரில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன் கூறுவதை அறிவர். சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுக என்கிறான் அவன். பகைவருடன் எதிர்ப்பட்டாலும் சினமும் கலகமும் இன்றி விலகுக என்கிறான். வாதத்திற்கு அழைப்பும் உண்டு, வரம்பும் உண்டு. இரண்டும் ஊரறிய முரசறைந்து முன்கூட்டியே சொல்லப்படுகின்றன. அம்மண்டபத்தின் பெயரைத்தான் நாம் இன்று பட்டிமன்றம் என்று எடுத்துக்கொண்டோம். முரசறைந்த விதியை விட்டுவிட்டோம்.

நியாய நூலார் வாதத்தை மூவகையாகப் பிரித்தனர். மெய் காணும் பொருட்டு நிகழ்வது வாதம். எவ்வாறேனும் வெல்லும் பொருட்டு நிகழ்வது சல்பம். தன் கொள்கை எதனையும் நிறுவாமல் பிறர் கொள்கையைத் தகர்ப்பதே தொழிலாகக் கொள்வது விதண்டை. இம்மூன்றனுள் தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் வழங்கும் சொல்லாக நிலைத்தது எது? விதண்டாவாதம் ஒன்றே! நல்லதை மறந்து தீயதன் பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். தன் கொள்கையை நிறுவாதவன் செய்வது விதண்டை என்னும் இலக்கணத்தையும் மறந்தோம். நமக்குப் பிடிக்காத வினா எதுவாயினும் அதனை விதண்டாவாதம் என்று கூறி வாயடைக்கக் கற்றுக்கொண்டோம்.

நம் மதரஸாக்களின் பாட மரபிலே "ஆதாபுல் பஹ்ஸ்" என்றொரு கலை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷம்சுத்தீன் சமர்கந்தி அதனைத் தனி நூலாக வகுத்தார். கொள்கையை நாட்டுபவர் ஒருவர்; வினவுபவர் ஒருவர். நாட்டுபவர்க்கே சான்று தரும் கடன் உண்டு. வினவுபவர்க்கு மூன்று வழிகளே திறந்துள்ளன: குறிப்பிட்ட ஒரு கூற்றுக்குச் சான்று கேட்கலாம்; சொன்ன காரணம் வேறிடத்தில் பொய்த்துப் போவதைக் காட்டலாம்; எதிர்முடிவுக்குத் தாமே சான்று தரலாம். ஏசுவதற்கும், குலம் கூறுவதற்கும், உள்நோக்கம் கற்பிப்பதற்கும் அக்கலையில் இடமேயில்லை. ஒருவர் வினாவை மற்றவர் தட்டிக்கழிக்கவும் இடமில்லை. அந்த ஆசிரியை அன்று கேட்டது இம்மூன்றனுள் முதலாவது வழியேயாகும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இன்னும் ஆழமாகச் சென்றார். 1091 முதல் பக்தாதின் நிஜாமிய்யாவில் வீற்றிருந்து, வாதத்தில் வல்லவரென்று புகழ்பெற்றவர் அவர். ஆதலால் அக்கலையின் பிணிகளை அவர் கேள்வியால் அறிந்தவரல்லர்; உள்ளிருந்து அறிந்தவர். இஹ்யாவின் கல்வி பற்றிய பகுதியில், மெய் நாடும் வாதத்திற்கு எட்டு நிபந்தனைகளை விதிக்கிறார். வாதிடுவோன் தொலைந்த பொருளைத் தேடுபவனைப் போன்றிருக்கவேண்டும். அது தன் கையில் கிடைத்தாலென்ன, தோழன் கையில் கிடைத்தாலென்ன என்னும் மனம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எதிர்வாதி ஒரு சான்றை விட்டு மற்றொரு சான்றுக்குச் செல்ல விரும்பினால் தடுத்தலாகாது என்பது மற்றொன்று. பெரியோர் நிறைந்த சபைகளைவிடத் தனிமையில் வாதிடுவதே நன்று என்றும் கூறுகிறார். கூட்டத்தின் முன்னே புகழாசை தலைதூக்கும் என்பதே காரணம்.

இவ்விடத்தில் நம் தலைவர் குறுக்கிட்டு, "நானும் அதைத்தானே சொன்னேன், தனியே வந்து பேசச் சொன்னேனே" என்பார். ஐயா, கஸ்ஸாலி (ரஹ்) தனிமையை நாடச் சொன்னது வாதிடுவோனின் செருக்கை அடக்குதற்கு. தாங்கள் தனிமையை நாடியது வினாவைப் புதைப்பதற்கு. பொதுப் பணத்தில் பொதுப் பெயரில் வெளியிட்ட நூலைப் பற்றிய வினாவுக்கு விடையும் பொதுவிலேயே வரவேண்டும்.

பொறியாளர் கற்ற பாடம்

அமெரிக்காவில் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்னும் இராணுவப் பொறியாளர் இருந்தார். 1863 இல் மாசசூசெட்சிலுள்ள நியூ பெட்ஃபோர்டில் தேவாலயக் கூட்டமொன்றுக்குத் தலைமை தாங்குமாறு திடீரென்று அவரை அழைத்தனர். எவ்வாறு நடத்துவதென்று அறியாமலே ஏறி அமர்ந்தார். கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. அவர் செய்ததென்ன? "இவ்வூரார்க்கு அவையடக்கம் இல்லை" என்று கூறவில்லை. அவை நடத்தும் முறையைக் கற்றறியாமல் இனித் தலைமையேற்பதில்லை என்று தமக்குத்தாமே உறுதி பூண்டார். பிழையைத் தம்மிடத்தே தேடினார். அதன் பயனாக 1876 இல் அவை நடைமுறை விதிகளைச் சிறு நூலாக வெளியிட்டார். முதலில் அச்சிட்டவை 4,000 படிகள். பின்னர் அந்நாட்டுச் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் அதுவே வழிகாட்டியாயிற்று.

அவ்விதிகளின் உயிர்நாடி எது? ஒருவர் ஒரு பொருளைப் பற்றி ஒரு நாளில் இருமுறைக்கு மேல் பேசலாகாது. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்திற்கு மேல் கூடாது. பேச விரும்புவோர் அனைவரும் ஒருமுறை பேசி முடிக்குமுன் எவரும் இரண்டாம் முறை எழலாகாது. எதிர்வாதியை நோக்கியன்றித் தலைவரை நோக்கியே பேசவேண்டும். கருத்தைத் தாக்கலாம், கருத்துரைத்தவரின் உள்நோக்கத்தைத் தாக்கலாகாது. தலைவர் வாதத்தில் கலந்துகொள்ள விரும்பினால் இருக்கையைவிட்டு இறங்கவேண்டும். தலைவரின் தீர்ப்புத் தவறென்று தோன்றினால் உறுப்பினர் அவையிடமே முறையிடலாம். இக்கடைசி இரண்டையும் மீண்டும் படியுங்கள். தலைவர்க்கும் மேலானது அவை என்னும் உண்மை அவற்றில் பொதிந்துள்ளது.

இங்கிலாந்தின் பொதுமக்கள் சபையிலும் இவ்வுணர்வைக் காணலாம். வாக்குகள் சமமாகப் பிரியும்போது தலைவர் தம் வாக்கை, இயலுமாயின் மேலும் விவாதிக்க வழிதிறக்கும் பக்கமே அளிப்பதென்று 1867 இல் சபாநாயகர் டெனிசன் நெறி வகுத்தார். வாயை அடைப்பதன்று, வாயிலைத் திறந்து வைப்பதே தலைமையின் கடன் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நம் நாட்டின் சான்று

இவை அந்நியர் கதை என்பார்க்கு நம் அரசியல் நிர்ணய சபையைக் காட்டுவேன். 1946 டிசம்பர் 9 அன்று கூடிய அச்சபை 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பை ஏற்றது. வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றுள் 2,473 அவையில் முன்மொழியப்பெற்றன. பிரிவினையின் குருதி உலராத காலம். பெரும்பான்மையோ ஒரே கட்சியினிடம். வாய்களை அடைப்பதற்குச் சாக்குகளுக்குக் குறைவில்லை. ஆயினும் 1948 நவம்பர் 23 அன்று, பொதுவான உரிமையியற் சட்டத்தைப் பற்றிய வரைவின் 35 ஆம் பிரிவு வந்தபோது நிகழ்ந்ததைப் பாருங்கள். சென்னை மாகாணத்து உறுப்பினர்களான முஹம்மது இஸ்மாயில் சாஹிப், மஹ்பூப் அலி பேக், போக்கர் சாஹிப் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து திருத்தங்களை முன்மொழிந்து வாதிட்டனர். அவர்களுக்கு முன்ஷியும், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், அம்பேத்கரும் மறுமொழி கூறினர். அன்று தலைமை இருக்கையிலிருந்தவர் துணைத்தலைவர் எச். சி. முகர்ஜி.

அத்திருத்தங்கள் தோற்றன. அவை சரியா தவறா என்பது ஈண்டு நம் ஆய்வுப் பொருளன்று. தோற்றவர்களின் ஒவ்வொரு சொல்லும் சபை நடவடிக்கையில் அச்சேறி இன்றும் நம் கையிலிருக்கிறது என்பதே ஈண்டு வேண்டுவது. அவர்கள் மறைவாக எழுதி வைக்க நேரவில்லை. பதாயூனியின் நிலை அவர்களுக்கு வரவில்லை. 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் தம் நிறைவுரையில், காமத், சித்வா, கே. டி. ஷா, குன்ஸ்ரு போன்று தம்மை ஓயாமல் எதிர்த்தவர்களுக்கு நன்றி கூறினார். அவர்களால்தான் வரைவின் கொள்கைகளை விளக்கத் தமக்கு வாய்ப்புக் கிட்டிற்று என்றார். நம் மன்றங்களில் எதிர்த்துப் பேசியவர்க்கு நன்றியுரையில் நன்றி கூறக் கேட்டவர் எவரேனும் உளரா?

மறுப்போர்க்கு மறுமொழி

"அப்படியானால் எவரும் எதையும் எப்படியும் பேசலாமா? ஒழுங்கு வேண்டாவா?" என்று கேட்பர். ஒழுங்கு வேண்டும் என்பதே நம் வழக்கு. ஆனால் ஒழுங்கு வேறு, ஒடுக்கம் வேறு. பேசும் முறைக்கு வரம்பிடுவது ஒழுங்கு. பேசும் கருத்துக்கு வரம்பிடுவது ஒடுக்கம். ஏசுபவரை நிறுத்துக, நேரம் கடந்தவரை அமர்த்துக, பொருளைவிட்டு விலகியவரைத் திருப்புக. இவற்றை நண்பர்க்கும் பகைவர்க்கும், செல்வர்க்கும் எளியவர்க்கும் ஒரே அளவுகோலால் செய்க. கசப்பான வினாவை இனிமையாகக் கேட்டவரை அமர்த்திவிட்டு, இனிப்பான புகழை நேரங்கடந்து பேசியவரைக் கைதட்டி வாழ்த்துவது ஒழுங்கன்று, ஒழுங்கின் வேடம்.

வேறு சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவர். "விதியே வேண்டா, தலைவரே வேண்டா, அனைவரும் வட்டமாக அமர்ந்து மனம்விட்டுப் பேசுவோம்" என்பர். கேட்க இனிக்கிறது. ஆனால் விதியில்லாத அவையில் உரத்த குரலே விதி. தலைவரில்லாத கூட்டத்தில் பழைய நண்பர் குழாமே தலைவர். அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கத்தைச் சேர்ந்த ஜோ ஃப்ரீமன் இவ்வுண்மையை 1970 களின் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தார். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்றில்லை. அமைப்பு மறைந்திருக்கும்போது அதிகாரமும் மறைந்திருக்கிறது. மறைந்த அதிகாரத்தைத் தட்டிக்கேட்க இயலாது என்பது அவர் வாதம். எழுதப்பட்ட விதி மெலியவர்க்குக் கேடயம். எழுதப்படாத விதி வலியவர் கைவாள்.

இன்னும் சிலர், "எங்கள் தலைவர் பெருந்தன்மையாளர், அவர்க்கு விதி எதற்கு?" என்பர். இருக்கலாம். அக்பரும் பெருந்தன்மையாளரே. பெருந்தன்மை ஒருவருடனே வந்து ஒருவருடனே போய்விடும். முறை மட்டுமே தங்கி நிற்கும்.

வேண்டுவன

ஆகவே நம் மன்றங்களையும் சங்கங்களையும் நடத்தும் பெரியோர் முன்னே சில வேண்டுகோள்களை வைக்கிறேன். அழைப்பிதழில் பேச்சாளர் பெயர்களை அச்சிடுவது போலவே, அவையோர்க்கு ஒதுக்கிய நேரத்தையும் அச்சிடுக. மொத்த நேரத்தில் பாதிக்குக் குறையாமல் அஃது இருக்கட்டும். பேசும் விதிகளைக் கூட்டத் தொடக்கத்திலேயே படித்துக் காட்டுக. சச்சரவு எழுந்தபின் புதிது புதிதாக விதி செய்யற்க. ஒருமுறையும் பேசாதவர்க்கே முதல் வாய்ப்பு அளிக்க. பெண்கள் பகுதிக்கும் ஒலிபெருக்கி ஒன்று நிலையாக இருக்கட்டும்; ஆண்கள் பக்கத்தில் பேசி முடித்தபின் மிச்சமிருந்தால் அனுப்பும் பொருளாக அஃது இருக்கவேண்டா. தலைமையேற்பவர் கருத்துரைக்க விரும்பினால், இருக்கையை வேறொருவர்க்குக் கொடுத்துவிட்டு அவையோருள் ஒருவராக நின்று, அவையோர்க்குரிய நேரத்தில் பேசுக. ஒருவரை அமர்த்தவோ வெளியேற்றவோ நேர்ந்தால், முதலில் எச்சரித்து, காரணத்தை அனைவரும் கேட்கக் கூறி, அவை மறுத்தால் அதற்குக் கட்டுப்படுக. இறுதியாக, மாறுபட்ட கருத்துகளையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுக. நாளை நம் பிள்ளைகள் அக்குறிப்பேட்டைப் புரட்டும்போது, பொன்னாடை பெற்றவர் பட்டியலை மட்டுமா அவர்கள் காணவேண்டும்?

இவற்றைச் செய்யப் பொருட்செலவு ஏதுமில்லை. ஒன்று மட்டும் செலவாகும். அது மேடையிலிருப்பவரின் செருக்கு. அதனைச் செலவிட மனமில்லாதவர் கூட்டம் கூட்டவேண்டா. சொற்பொழிவு என்று பெயரிட்டுத் தாமே பேசிவிட்டுப் போகட்டும், அதில் தவறில்லை. கலந்துரையாடல் என்று அழைத்துவிட்டுக் கலப்பையும் உரையாடலையும் மறுப்பதே தவறு. விருந்துக்கு அழைத்து இலையும் போட்டுவிட்டு, உண்ணுமுன் இலையெடுத்தல் நம் ஊரில் எத்தகைய இழுக்கென்று அறியாதவரா நாம்?

அவ்வூர் மன்றம் இன்றும் நடைபெறுகிறது. அழைப்பிதழ்களும் தவறாமல் வருகின்றன. அந்த ஆசிரியை அதன்பின் ஒருமுறையும் அங்கு வரவில்லை என்று கேள்வியுற்றேன். கூச்சலிட்ட இளைஞர்களும் வருவதில்லை. இப்பொழுது கூட்டங்கள் மிக அமைதியாக நடைபெறுகின்றனவாம். மன்றத்தார் அதனைப் பெருமையுடன் கூறிக்கொள்கின்றனர். வினாவை இழந்த அமைதி அது. அதற்குப் பெருமைப்படுபவர்கள், வெறுமையாகக் கிடக்கும் பின்வரிசைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். எண்ணி முடித்தபின், அவையடக்கம் யாருக்கு வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.